முப்பதாவது நாள் அழைப்பு

லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்களைத்தான் டாக்டர் ஷைனி பிடிப்பார். எங்கள் மருத்துவமனை லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் ஒரு பயிற்சி மருத்துவரை ஆய்வில் சேர்த்துவிடுவார். தப்பித்துப் படியேறினால் மூச்சிரைக்கக் கூடவே ஏறுவார். “ஏலே, போன் போட்டு விசாரிக்கணும், அம்புட்டுதான். லவ்வர்ட்ட இதவிட நேரம் பேசுறேல்ல?”

திண்டுக்கல்காரர். அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. பயிற்சி மருத்துவர்களான எங்களைவிட மூன்று வயதுதான் கூட, எல்லோருக்கும் அக்கா. வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குப் புண் சீழ் பிடிக்கிறது என்று பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து கண்டறியும் ஆய்வு அது. முப்பதாவது நாள் நோயாளியை அழைத்துக் கேட்டுப் பதிய வேண்டும். “தையல் பிரிச்சு அனுப்பிட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறோம். வீட்டுக்குப் போயி எம்புட்டுப் பேருக்குச் சீழ் வச்சுச்சுன்னு இங்க எவனுக்காவது தெரியுமா?”

நான் அதற்காகச் சேரவில்லை. ஆய்வுக் கட்டுரையில், பங்கேற்ற மருத்துவர்களின் பெயர்களும் அச்சாகும் என்றார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என் பெயர் அச்சில் வரும் என்று சின்னாளபட்டியில் தறி நெய்யும் அப்பாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். இதை ஒப்புக்கொண்டபோது அக்கா சிரித்தார். “பேருக்குத்தான் வாரியா? வா. வந்து வேலையப் பாரு.”

யாருடைய முதல் அழைப்பையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். புண் ஆறிவிட்டது, மருமகள்தான் சோறு போடுவதில்லை என்று ஆத்தூர் சுந்தரம்மாள் என்னிடம் அழுதார். நான் போனை வைக்கப் பார்த்தேன். அக்கா என் கையைத் தட்டினார். “அதையும் கேளு. ஃபாரத்துல மட்டும் எழுதாதே.”

மொத்தம் அறுபது நோயாளிகள். மூன்று பேருக்கு வரை ‘தெரியவில்லை’ என்று பதியலாம். நான்காவது வந்தால் எங்கள் மருத்துவமனையின் பதிவுகள் முழுவதும் நீக்கப்படும். எங்கள் பெயர்களும் போய்விடும். கெடு நாளன்று மூன்றும் தீர்ந்திருந்தன. மிச்சமிருந்த ஒரே நோயாளி, நத்தத்தில் புளி மூட்டை தூக்கும் அழகர்சாமியின் போன் நான்கு நாளாக அணைந்து கிடந்தது. அக்கா மதியம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு பூட்டியிருந்தது. கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

ஐந்து மணிக்குள் பதிவுகளை இணையத்தில் அனுப்ப வேண்டும். பத்து நிமிடம் இருந்தது.

“வேலைக்கே போயிட்டார்னா ஆறியிருக்கும்க்கா. ‘சீழ் இல்லை’ன்னு போட்ருவோம்” என்றேன். அறையில் இருந்த மற்ற நான்கு பயிற்சி மருத்துவர்களும் என்னை மறுக்கவில்லை.

“நீ பாத்தியா?”

“இல்லக்கா.”

“நானும் பாக்கல.”

‘தெரியவில்லை’ என்பதை அழுத்தி, அனுப்பிவிட்டார். ஆறு மாத உழைப்பு. கட்டுரையில் எங்கள் மருத்துவமனையின் முதல் பெயராக அவருடையதுதான் வந்திருக்கும். அந்த விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. என் விரலாக இருந்திருந்தால் என்று இன்றும் யோசிக்கிறேன். பதில் எனக்குப் பிடித்ததாக இல்லை.

“கோவம்னா திட்டிட்டுப் போங்கப்பா. ஆய்வோட அடுத்த ரவுண்டுக்கு வந்துருங்க” என்றார்.

மற்றவர்கள் கலைந்தார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன். ஆய்வின் இணையப் பக்கம் மூடிவிட்டது. இனி எந்தப் பதிலையும் அதில் சேர்க்க முடியாது. அக்கா செருப்பை மாட்டியபடியே போனை எடுத்து, அழகர்சாமியின் எண்ணை மறுபடி அழுத்திக் காதில் வைத்தார்.