தாய்ச்சி என்றவரும் புள்ளத்தாச்சி என்றவனும்

போன வாரம் தபாலில் ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. மூலையில் கறுப்பு மை தடவிய அட்டையைப் பார்த்ததும், இந்த வயதில் எல்லாரும் செய்வதைப் போல நானும் முதலில் இறந்தவரின் வயதைத்தான் தேடினேன். ஐம்பத்து நான்கு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதில் ஓர் அற்ப நிம்மதி. பெயர் தணிகாசலம் என்று போட்டிருந்தது. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. "யாரு இது, உங்க பக்கத்து ஆளா?" என்று மனைவியிடம் நீட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்க புள்ளத்தாச்சிதாங்க."

பன்னிரண்டு வருஷம் ஒரே பீங்கான் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவரின் பெயர் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்தப் பெயரை அழித்தவனே நான்தான். விருத்தாசலத்தில் எங்களோடு ஜாடியும் பொம்மையும் செய்த நண்பர்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். அச்சுப் பிரிவில் வேலை. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி, பதம் பார்த்துக் கவிழ்க்க வேண்டும். நான் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் எனக்கு உண்டு, ஊர் வம்புக்கு ஏஜெண்டு. ஒரு நாள் காலை ஷிப்டுக்கு முன்னால் போனபோது, சூளைக்குப் பின்புறம் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. இரண்டு கையாலும் வயிற்றுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத பூசணிக்காய் ஒன்றை ஏந்திக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடப்பவரைப் போல மெல்லத் திரும்பினார்.

"என்னங்க, வயித்து வலியா?" என்றேன்.

"சண்டைங்க சார். ரங்கூன்ல ஒரு சீனத் தச்சரு சொல்லிக் குடுத்தாரு. தாய்ச்சின்னு பேரு."

"என்னது, புள்ளத்தாச்சியா?"

அவ்வளவுதான் சொன்னேன். மத்தியான டீ வருவதற்குள் தொழிற்சாலை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. கையை ஏந்தி நின்ற கோலத்துக்கு அது பொருந்தியும் தொலைத்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை என்பது, வம்பு ஏஜெண்டான எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். போய்ச் சொன்ன இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. சில நாள் கழித்து, ஜாடிகளை வைக்கோல் வைத்துக் கட்டும் கொட்டகைக்கு வந்து, "என்னைத் தள்ளுங்க சார்" என்றார். இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினேன். தள்ளும்போது அங்கே மார்பு இல்லை. அவர் எங்கே போனார் என்று யோசிப்பதற்குள் நான் வைக்கோல் குவியலில் தலைகுப்புறக் கிடந்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணல. நீங்க குடுத்தத வாங்கிக்கிட்டு வழி வுட்டேன். மெதுவா செய்யுறது ஒடம்புக்குச் சொல்லிக் குடுக்கத்தான் சார். சண்டையில வேகமாத்தான் போவும்." என் சட்டையிலிருந்து வைக்கோலைத் தட்டிவிட்டபடி இன்னொன்றும் சொன்னார். "சிரிக்கிறவன் காலு தரையில நிக்காது. தள்ளுறதுக்கு அதுதான் நேரம்."

வெளியே வந்து வைக்கோலில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் பல வருஷம் அவர் எதிரில் சிரித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் தள்ளவில்லை.

அச்சுப் பிரிவுப் பெண்கள் சாயங்காலம் ரயில் பாதை ஓரமாகத்தான் ஊருக்கு நடந்து போவார்கள். வழிமறித்துக் கையைப் பிடித்து இழுக்கிற காலிகள் இரண்டு மூன்று பேர் அங்கே உண்டு. விருத்தாம்பாள் என்ற பெண் ஒரு நாள் கன்றிப்போன மணிக்கட்டோடு வேலைக்கு வந்தாள். தணிகாசலம் நேராக மேனேஜரிடம் போனார். சரக்குக் கணக்கோடு நானும் அப்போது அங்கே நின்றிருந்தேன்.

"தெனம் அரை மணி நேரம் ஜாடி கட்டுற கொட்டகைய வுடுங்க சார். கைய உருவிக்கிட்டு ஆளத் தள்ளுறதுக்கு இவங்களுக்குக் கத்துக் குடுக்குறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற முகத்தை நான் வைத்துக்கொண்டேன். "ஆயுத பூஜை அன்னிக்கு நம்ம கொளஞ்சி எதிர்ல நின்னு காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். கொளஞ்சி மண் மூட்டை ஏற்றுகிறவன். கக்கத்தில் ஒரு மூட்டையை இடுக்கிக்கொண்டு மறு கையால் பீடி பற்றவைப்பான்.

பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்தானதும் சூளைக்கு முன்னால் வட்டம் கட்டி நின்றார்கள். மைக் வழக்கம் போல என்னிடம். பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள், விருத்தாம்பாள் முன்வரிசையில். நானும் என் பங்குக்கு, "பத்து மாசம் ஆச்சு, இன்னிக்குத் தேதி குடுத்திருக்காங்க" என்று ஆரம்பித்து வைத்தேன்.

கொளஞ்சி மாடு மாதிரி பாய்ந்தான். தணிகாசலத்தின் இடுப்பு ஒரு சாண் திரும்பியது. கொளஞ்சியின் கனம் மொத்தமும் அவரைக் கடந்து முன்னால் போனது. ஆனால் அவன் போன திசையில் சூளையின் இரும்புக் கதவு பாதி திறந்து கிடந்தது. அதன் விளிம்பு சரியாக அவன் நெற்றி உயரம். நான் நாலு அடி தள்ளி நின்றேன், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தணிகாசலத்துக்கும் தெரிந்தது. விட்டிருந்தால் அந்த நொடியே ஜெயித்திருப்பார். கையை நீட்டி அவன் அரைஞாணைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் கொளஞ்சி மல்லாந்து அவர் மேலேயே விழுந்தான். கீழே அவர் மணிக்கட்டு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கூட்டம் பார்த்தது கொளஞ்சி மேலே, அவர் கீழே என்பதை மட்டும்தான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மைக்கில் நான் சொன்னேன்: "புள்ளத்தாச்சிக்கு இடுப்பு வலி கண்டுடுச்சு, யாராவது மருத்துவச்சிய அழைச்சிட்டு வாங்க."

என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொட்டகையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, போங்கப்பா" என்றார். பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விருத்தாம்பாள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பாத்தீங்க இல்ல சார்?"

"பாத்தேங்க."

"மேனேஜர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்காவ இல்ல, அந்தப் பொண்ணுங்க நம்பிக்கிட்டு இருக்குதுங்க."

"நாளைக்கே சொல்றேங்க" என்றேன். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் மேனேஜர் அறைக்குப் போனேன். யாரோ விருந்தாளியிடம் என் மருத்துவச்சி ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "இவருதான் அந்த ஆளு" என்று என் தோளைத் தட்டினார். தட்டிய சுகத்தில் வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டு மாதத்தில் விருத்தாம்பாளின் அப்பா, அந்த ரயில் பாதையில் இனிமேல் பெண்ணை அனுப்ப முடியாது என்று அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தணிகாசலம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வணக்கம் சார்" மட்டும் தினமும் சொன்னார். திட்டியிருந்தால் அதை வைத்தும் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

கருமாதிக்குப் போயிருந்தேன். பந்தலில் கொளஞ்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"சார், அன்னிக்கு அவரு புடிச்சு இழுக்கலன்னா என் மண்ட பொளந்திருக்கும்."

"தெரியும்பா."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லல. ஜெயிச்சிட்டேன்னு எல்லாரும் தோள்ல தூக்கிக்கிட்டு சுத்தவும் நானும் வுட்டுட்டேன்."

இலை போட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து பந்திக்குப் போனோம்.

அவரிடம் இன்னது கற்றேன் என்று எழுத எனக்கு வழியில்லை. வைக்கோலில் விழுந்ததோடு என் பாடம் முடிந்துவிட்டது. அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு நொடிதான். ஜெயித்துவிட்ட மனிதர் எதிராளியின் நெற்றியைப் பார்க்கிறார், ஜெயித்ததை விட்டுவிட்டுக் கையை நீட்டுகிறார். அத்தனை பேர் நின்ற இடத்தில் அதை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மைக்கும் என் கையில்தான் இருந்தது.