நாய்க்கு எதிராக நான் எழுதிய பெட்டிசம்

எனக்குக் கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. கடிதம் எழுதுவேன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருபத்திரண்டு வருடமாக என் வேலையே சனங்களின் முறைப்பாட்டுப் பெட்டிசங்களைப் படித்துப் பதில் அனுப்புவதுதான். மேலே பொருள், நடுவில் இலக்கமிட்ட பந்திகள், கீழே 'பிரதிகள்' என்று யார் யாருக்கெல்லாம் போகிறது என்ற பட்டியல். அந்தக் கடைசிப் பட்டியலில்தான் பெட்டிசத்தின் உயிர் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் எழுதினால் அது அவருடைய மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துவிடும். நான்கு பேருக்குப் பிரதி போனால் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து வேலை செய்வார்கள். இந்த வித்தையை நான் ஒரு நாய்க்கு எதிராகப் பாவித்தேன். எழுதும்போதே கூசுகிறது.

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவள். உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை சீருடை போட்டு, தலை பின்னி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தவள் எழும்பவில்லை.

"வயித்துக் குத்தோ?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

அதற்கும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த வாரம் சீருடை போடுவதும் நின்றது, கதையும் நின்றது. சாப்பிட்டாள், குளித்தாள், கூப்பிட்டால் வந்து நின்றாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், போனைப் பறித்தேன், பிறகு நானே திருப்பிக் கொடுத்தேன். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தேன். என் கணவருக்கு வவுனியாவில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவார். வந்தால் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கிரிக்கெட் பார்ப்பார். "நீர் கொஞ்சம் சும்மா விடும், சரியாயிடும்" என்பார். அவர் பஸ் ஏறிப் போய்விடுவார். சும்மா விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் நான்.

கடைசியில் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் ஒரு டாக்டர், இது மனச்சோர்வு என்றார். மருந்து எழுதினார். கெலிஓயாவில் ஒரு வீட்டில் சனிக்கிழமைகளில் இந்த வயதுப் பிள்ளைகளை நாயோடு இருக்க விடுகிறார்கள், இவளையும் அனுப்பிப் பாருங்கள் என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மனிதர் பகிடி விடவில்லை. இந்த மலைநாட்டுக்கு வரமுன் நான் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டில் நாய் கிணற்றடியோடு நிற்கும், மிச்சச் சோறு தின்னும், படியேறினால் விளக்குமாறு பறக்கும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையை நாயிடம் வைத்தியத்துக்கு அனுப்புவதா என்று எனக்குள் பொங்கியது. ஆனாலும் அனுப்பினேன். வேறு வழி இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஊருக்கு என்ன சொல்வது? அதற்குத்தான் ரியூசன் இருக்கிறதே. இந்த நாட்டில் சனிக்கிழமை காலை ஒரு பிள்ளை பையோடு வெளிக்கிட்டால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வாரம் தவறாமல் போன் எடுத்துப் "பிள்ளை படிக்கிறாளோ?" என்று கேட்கும் மச்சாளுக்கும், கேற்றடியில் நிற்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: கெலிஓயாவில் ஒரு கெட்டிக்கார சேர், கெமிஸ்ட்ரி. கணவருக்கு மருந்து விசயம் தெரியும், நாய் விசயம் சொல்லவில்லை. பொய்க்குப் பொருத்தமாக அவளுடைய ரியூசன் பையில் இரண்டு கொப்பியும் ஒரு பாடப்புத்தகமும் வைத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தோளில் போட்டுக்கொண்டாள். கம்பளை பஸ்ஸில் நான் பக்கத்தில் இருக்க, அந்தப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி வருவாள்.

அங்கே நாயைக் கொண்டுவருபவர் வத்தேகமப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த பெண். ஐம்பது வயது இருக்கும். நாய் தெருவில் திரிகிற சாதாரண நாட்டு நாய்தான், செம்மண் நிறம், ஒரு காது மடிந்து கிடக்கும். அதற்குப் பெயர் இருந்தாலும் அவர் 'எங்க புள்ள' என்றுதான் சொல்வார். முதல் நாளே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார்.

"நீங்க இங்கின வெளிய ஒக்காருங்க மிஸ். உள்ள அவங்க ரெண்டு பேரும்தான். நான் மூலையில இருப்பேன். அவங்க எங்க புள்ளகிட்ட என்ன பேசுனாலும் நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உசிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டருக்குச் சொல்லுவேன்."

"தாயிட்டையும் சொல்ல மாட்டீங்களோ?"

"சொல்லமாட்டேங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. வெளி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்தேன். முதல் நான்கு சனிக்கிழமை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாம் சனிக்கிழமை கதவுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. என் பிள்ளையின் குரல். சொற்கள் விளங்கவில்லை, மெதுவாக, விடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிந்ததும் வந்தது சந்தோசம் இல்லை, பொறாமை. பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு இல்லாத கதை ஒரு நாய்க்கு.

அவர்கள் வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சொன்னவள்? ஒரு சொல்லெண்டாலும் சொல்லுங்கோ."

"பேசுனாங்க மிஸ். அது போதும்ங்க" என்றார்.

எனக்கு அவர்மேல் கொதி வந்தது. பஸ்ஸில் மகளிடம் நேரடியாகவே கேட்டேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் தலை முழுகி வந்தாள், ஈரம் துவட்டக் கையை உயர்த்தியபோது சட்டைக் கை மேலே ஏறியது. உள்பக்கத்தில் கீறல்கள். சிவந்து, சில காய்ந்து.

"நாய் விறாண்டினதோ?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்தவள் நான். இன்றைக்கும் அந்தத் தலையாட்டல் கண்ணுக்குள் நிற்கிறது.

நாய்க் கீறல் என்றால் இங்கே யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விசர்நாய் என்றால் உயிரே போய்விடும் என்ற பயம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, அரைமணித்தியாலத்துக்குள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது ஓர் இளம் டாக்டர், சிங்களப் பெண், கொஞ்சம் தமிழ் கதைத்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா கொஞ்சம் வெளியே இருங்க. நான் மகளோட தனிய பேசணும்."

"நான் தாய். எனக்குத் தெரியாமல் என்ன இருக்கு? நீங்கள் ஊசியைப் போடுங்கோ."

இன்னொருமுறை கேட்டார். நான் அசையவில்லை. பின்னால் வரிசையில் சனம் நெருக்கியது. வளர்ப்பு நாய்தானே, தடுப்பூசி அட்டை இருக்கும், நாயைக் கண்காணித்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடாப்பிடியாக நின்று முதல் ஊசியைப் போடவைத்தேன். என் பிள்ளை முகம் சுளிக்காமல் கையை நீட்டினாள். தனக்குத் தேவையில்லாத ஊசி என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

திங்கட்கிழமை பெட்டிசம் எழுதினேன். ஆறு பந்தி. 'பயிற்சியற்ற தெரு நாய்' என்று எழுதினேன். 'பொறுப்பற்ற மேற்பார்வை' என்று எழுதினேன். அந்த வீட்டை நடத்துபவர்களுக்கு ஒன்று. பிரதிகள்: கிளினிக், சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உள்ளூராட்சிச் சபை. எழுதி முடித்ததும் மனதுக்கு ஒரு குளிர்ச்சி வந்தது, அதை மறைக்கமாட்டேன்.

வியாழக்கிழமைக்குள் எல்லாம் நடந்துவிட்டது. நாயைப் பதினான்கு நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை சனிக்கிழமை அமர்வுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறுத்தம். அன்று பின்னேரம் அந்தப் பெண் எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், எங்க புள்ள கீறாதுங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நான்தான் நகத்த வெட்டி ராவி விடுறேன். போன சனிக்கிழமயும் பாத்தேன், ரெண்டு பேரும் சும்மாதான் ஒக்காந்திருந்தாங்க."

"அப்ப என்ரை பிள்ளை பொய் சொல்லுறாளோ?"

"கோவிச்சுக்காதீங்க. அந்தக் கைய இன்னொரு தடவ நல்லா பாருங்க மிஸ். டாக்டர்கிட்டயும் காட்டுங்க. நானும் அவருக்குச் சொல்லியிருக்கேன்."

நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியதா, இல்லையா? இப்போது யோசித்தால், பாதி விளங்கியிருக்கிறது. அந்தப் பாதிக்குப் பயந்துதான் வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் உடுத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றாள், தோளில் ரியூசன் பை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இல்லையென்று அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாளைத் தள்ளிவிட்டிருந்தேன்.

"இண்டைக்கு இல்லைப் பிள்ளை. அந்த நாயைக் கட்டிவைச்சிருக்கினம். பதினாலு நாளைக்கு."

"ஏன்?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் சொல். எனக்கு அதை நின்று கேட்கக்கூடத் தெரியவில்லை. "உன்னை விறாண்டினதெல்லோ. நான் கடிதம் குடுத்தனான். உனக்காகத்தான்" என்றேன்.

அவள் பையை இறக்கிக் கதவடியில் வைத்தாள். "அது விறாண்டேல்லை."

"அப்ப?"

"நான்தான்."

தேத்தண்ணி கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். பிறகு பயத்தில் கதிரையைத் தேடி இருந்துவிட்டேன். மாதக்கணக்காக மூடியிருந்த வாயை அவள் திறந்தது தனக்காக அல்ல. கட்டிவைத்த நாயை அவிழ்க்க.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் நாயோ எண்டு கேட்டீங்கள். ஓம் எண்டன்." கதவடியில் கிடந்த பையைப் பார்த்தாள். "நீங்கள் எல்லாருக்கும் ரியூசன் எண்டு சொல்லுற மாதிரி."

வேறு எங்கும் காயம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றாள். காட்டச் சொல்லி வற்புறுத்தவில்லை. கிளினிக் டாக்டருக்குப் போன் எடுத்தேன். தானும் நேற்றிலிருந்து என்னைத் தேடுவதாகச் சொன்னார். உடனே கூட்டிவரச் சொன்னார். நான் கைப்பையைத் தேட, அவள் என் மேசையில் இருந்து கடதாசியும் பேனையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"முதல்ல எழுதுங்கோ."

எழுதினேன். பழகிய கை. பொருள்: எனது முறைப்பாட்டை வாபஸ் பெறல். முதலாம் பந்தி: 'தவறான புரிதல் ஒன்றின் காரணமாக.' அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. நான் அதை வெட்டிவிட்டு மறுபடி எழுதினேன்: எனது மகளின் கையிலுள்ள காயங்கள் நாயால் ஏற்பட்டவை அல்ல. அவற்றை அவளே ஏற்படுத்திக்கொண்டாள். அவளுக்குச் சுகமில்லை.

கடைசி வசனத்தை அதுவரை நான் எங்கும் எழுதியதில்லை, யாருக்கும் சொன்னதில்லை. கீழே பிரதிகள் என்று போட்டு நான்கு இலக்கமும் இட்டேன். பேனையை மூடப் போகையில் அவள் அதை வாங்கினாள். ஐந்து: அப்பா. ஆறு: யாழ்ப்பாணத்து மாமி.

மாமி என்றால் அந்த மச்சாள்தான். ஆறாவதை வெட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பெற்ற பிள்ளை கையில் காயத்தோடு பக்கத்தில் நிற்கிறது, நான் மச்சாள் என்ன நினைப்பாள் என்று யோசிக்கிறேன். கையெழுத்துப் போட்டேன்.

"தபால்ல போடாதீங்கோ, சுணங்கும்" என்றாள். "கையில கொண்டுபோய்க் குடுப்பம். இல்லாட்டி நாய் இன்னும் பன்னிரண்டு நாள் கட்டுப்பட்டுக் கிடக்க வேணும்."

"முதல் டாக்டர். பிறகு கெலிஓயா" என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

கேற்றைத் திறக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா குடையோடு நின்றார். "என்ன, மழைக்குள்ளேயும் ரியூசனா?"

என் நாக்கின் நுனிக்குக் கெமிஸ்ட்ரி சேர் வந்து நின்றார். அவரை விழுங்கினேன்.

"இல்லை. பிள்ளைக்கு மனம் சுகமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போறம்."

அந்த அம்மா என்ன முகம் காட்டினார் என்று நான் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. கடித உறையை நெஞ்சோடு வைத்து, நனையாமல் மூடியபடி எனக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய தோளில் பை இல்லை. அது வீட்டுக் கதவடியிலேயே கிடந்தது.