எந்த இருபத்தாறு?

கோபமாக இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஏறிய கோபம், இன்னும் இறங்கவில்லை.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கோயம்புத்தூருக்குக் கீழே இறங்கினால், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாமான் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா என்னிடம் சொல்லிவிட்டது ஒரு சைக்கிள் டயர். மல்லிகாவுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. மகள் ரம்யாவுக்குச் சனிக்கிழமை ஊட்டியில் சைக்கிள் ரேஸ். அவளுடைய கியர் சைக்கிளின் பின் டயர் கிழிந்துவிட்டது.

“இருவத்தாறு இஞ்சுங்கண்ணா. டயர்லயே போட்டிருக்குதுங்க” என்றார் மல்லிகா.

கோயம்புத்தூர்க் கடையில் இருபத்தாறு கேட்டேன். இருபத்தாறு கொடுத்தார்கள். கொஞ்சம் ஒல்லியாக இருந்தது... ரேஸுக்கு ஒல்லிதானே நல்லது? பெரிய நிபுணன் மாதிரி நானே முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளி சாயங்காலம் மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். அப்பா சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி, ரிம்மில் டயர் தொளதொளவென்று கிடந்தது.

“இது லேடீஸ் சைக்கிளுக்குப் போடறதுங்க. அதுவும் இருவத்தாறுதான், இதுவும் இருவத்தாறுதான். ஒன்னுக்கொன்னு சேராதுங்க.”

சேராதா? அப்புறம் எதற்கு அந்த எண்? விசாரித்தால் வயிறு எரிகிறது. அந்தக் காலத்தில் அளந்தது ரிம்மை அல்ல, காற்றடித்த டயரின் மொத்த உயரத்தை. தடி டயருக்குச் சின்ன ரிம், ஒல்லி டயருக்குப் பெரிய ரிம் — வெளியே பார்த்தால் இரண்டும் இருபத்தாறு. பிரிட்டிஷ்காரன் தன் அளவைக் கப்பலேற்றினான். பிரெஞ்சுக்காரன் தன்னுடையதை, அமெரிக்கன் தன்னுடையதை. எவன் சரக்கு எங்கே அதிகம் இறங்கியதோ, அங்கே அதுதான் ‘ஸ்டாண்டர்டு’. நம் ஊரில் ஒன்றுக்கு மேல் இறங்கித் தொலைத்தது.

பிறகு உலகம் கூடிப் பேசி, ரிம்மையே மில்லிமீட்டரில் அளந்து ஒரு பொது எண் கொண்டுவந்தது. நல்ல காரியம். அதை எங்கே போடுகிறார்கள்? டயரின் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில். பழைய பொய் மட்டும் கொட்டை எழுத்தில். கடைக்காரரும் எந்த இருபத்தாறு என்று கேட்கவில்லை. நாலெழுத்து படித்த நானும் பார்க்கவில்லை.

மறுபடி மலையிறங்கி ஏற நேரமில்லை. சனிக்கிழமை ரேஸ் நடந்தது. ரம்யா வீட்டில் இருந்தாள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். “அடுத்த வருசம் ஜெயிச்சுப்போடலாம் கண்ணு” என்றேன்.

“அது பதினாலு வயசு வரைக்குந்தானுங்க மாமா. அடுத்த வருசம் சேர்த்துக்க மாட்டாங்க. பரவால்லீங்க, உள்ள வாங்க.”

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்தப் பெண்.