இரவல் திரை

ரத்தப் பரிசோதனை முடிவுகளை வரைபடமாக்கித் தரும் ஒரு மென்பொருளை எழுதி, ஊருக்கு வெளியே இருக்கும் சர்வரில் ஏற்றியிருந்தேன். அந்த சர்வருக்கு மானிட்டர் கிடையாது. வரைபடம் வரைய நான் அதில் சேர்த்திருந்த நிரலுக்கோ, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் திரை என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் ஒரு கோடுகூட இழுக்காது. அலுவலகத்திலிருந்து இணைத்துச் சோதித்தபோதெல்லாம் அழகாக ஓடியது. அத்தனை நாளும் அது இணைப்பு வழியாக என் லேப்டாப்பின் திரையை இரவல் வாங்கி ஓடியிருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நிஜ வேலைக்கு ஓடவிட்ட முதல் நாள், சாப்பிடப் போகும்போது வழக்கம்போல லேப்டாப்பை மூடினேன். திரும்பி வந்து பார்த்தால், திரை கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி எழுதிவிட்டு மென்பொருள் நின்றிருந்தது. முதலிலிருந்து தொடங்கினேன். மாலைக்குள் அறிக்கைகள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.

"சரி பண்றதெல்லாம் நாளைக்குப் பாக்கலாம். சாயங்காலம் வரைக்கும் ஸ்வல்ப லேப்டாப்பை மூடாம பாத்துக்கோங்க," என்றார் கன்னடக்காரரான மேனேஜர்.

அன்று நான்கு மணிக்கு அல்சூரில் என் மனைவிக்கு ஸ்கேன். எங்கள் முதல் கரு தங்கவில்லை. இந்த முறை இதயம் துடிக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம் என வாக்குக் கொடுத்திருந்தேன். திறந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் இணைப்பிலேயே ஆட்டோவில் போனேன். அவள் வாசலில் காத்திருந்தாள்.

ஸ்கேன் அறை பேஸ்மெண்டில் இருந்தது. படிக்கட்டுக்கு மேலேயே சிக்னல் ஒற்றைக் கோடாகிவிட்டது.

"கீழ சிக்னல் இருக்காது போல," என்றேன்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். "பரவால்ல, இங்கயே இருங்க. கூப்பிடும்போது வாங்க," என்று தனியாக இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து நர்ஸ் குரல் கொடுத்தார். "ஹஸ்பண்ட் யாரு? வாங்க சார், ரெண்டு நிமிஷம்தான் காட்டுவாங்க."

நான்கைந்து படி இறங்கினேன். சிக்னல் போய்விட்டது. மேனேஜர் முகமும், அறிக்கைக்குக் காத்திருக்கும் நோயாளிகளும் ஒன்றாக நினைவுக்கு வர, பதறிப்போய் மேலே ஏறிவிட்டேன். நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். "இதோ வரேன்," என்றேன். கால் நகரவில்லை. எவ்வளவு கேவலமான ஆள் நான் என்று அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது.

குனிந்து லேப்டாப்பைப் பார்த்தேன். படி இறங்கியபோதே இணைப்பு அறுந்து, மென்பொருள் பாதியில் நின்றுபோயிருந்தது. அதை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். அடுத்த பெண் உள்ளே போனாள்.

"துடிக்குது," என்றாள். "உங்களுக்காக கொஞ்ச நேரம் திரையில அப்படியே வச்சிருந்தாங்க."

அவள் என் தோளிலிருந்து நழுவிய லேப்டாப் பையைச் சரிசெய்தாள்.

"உங்க வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது," என்றேன்.