யானைக்கால் இல்லை, வேறு விஷயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் எங்கள் வார்டு சுகாதாரப் பணியாளர் பிந்து. கையில் ரிஜிஸ்டர், தோளில் பை, முகத்தில் அளவுக்கு மீறிய கனிவு.

"சாரே, கால் ஒண்ணு காட்டணும். மந்து கேஸ் உண்டுன்னு பறஞ்ஞு."

மந்து என்றால் மலையாளத்தில் யானைக்கால். எனக்கு யானைக்கால் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்! இருபது வருடமாகப் பத்தி எழுதுகிறேன், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் என்னை அடையாளம் கண்டு நிறுத்தியவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். என் இடது கால் சில மாதத்திலேயே பிரபலமாகிவிட்டது.

"யார் சொன்னா?"

"ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்லேந்து. பேடிக்க வேண்டா சாரே. ரத்தம் நோக்கிட்டு குளிகை தராம். எல்லாம் ஃப்ரீ." பயப்பட வேண்டாமாம், மாத்திரை இலவசமாம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை. நான் என்ன செய்தேன்? "டாக்டரைப் பார்த்துண்டிருக்கேன்" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்தினேன்.

அந்த உண்மையை உங்களிடமும் சொன்னதில்லை. மூன்று வருடம் முன்பு சில வாரங்கள் இந்தப் பத்தி வரவில்லை. பெங்களூரில் மகள் வீட்டில் இருந்ததாக எழுதினேன். குளிர் எப்படி என்று சிலர் அக்கறையாகக் கேட்டீர்கள். கொஞ்சம் அதிகம்தான் என்று பதிலும் போட்டேன். நான் இருந்தது இதே ஊரில், ஆஸ்பத்திரியில். புராஸ்டேட் புற்றுநோய். சுரப்பியையும், பக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். தெருவுக்கு மட்டும் ஹெர்னியா. ஹெர்னியா கௌரவமான வியாதி பாருங்கள்... சொன்னால் யாரும் கீழே பார்ப்பதில்லை.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. எண் மறுபடி ஏறியது. இந்த முறை இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு. கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் தினமும் 'லைப்ரரிக்கு' போய்வந்தேன்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கணுக்களை எடுத்த இடத்திலேயே கதிர்வீச்சும் சேரும்போது, காலிலிருந்து நிணநீர் மேலேறும் வழி அடைபடலாம், கால் வீங்கலாம். கனமாக இருந்தாலும், செருப்பு இறுக்கினாலும் உடனே வர வேண்டும். சம்மதப் படிவத்திலும் அது இருந்ததாம். படித்தால்தானே? காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மகா புத்திசாலியைப் போலத் தலையையும் ஆட்டினேன்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து இடது செருப்பு இறுக்கியது. உடனே போனேன் — செருப்புக் கடைக்கு. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். அதுவும் இறுக்கியபோது செருப்புத் தயாரிப்பில் தரம் குறைந்துவிட்டதாகக் கடைக்காரரிடம் வாதாடினேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவள் என் மனைவி கோமதி.

"எப்போ தொடங்கியது?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான்... ஒரு வாரமா."

"நாலு மாசம்" என்றாள் கோமதி.

ரத்தக் கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டார்கள். நிணநீர் வீக்கம்தான். முழுசாகப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம், முதலிலேயே வந்திருந்தால் இன்னும் சுலபம் என்றார்கள். பயிற்சி, மசாஜ், தொடை வரை ஏறும் ஓர் இறுக்கமான காலுறை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அதைப் போட இருபது நிமிடம் ஆகும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கோமதி இழுப்பாள், நான் கட்டிலைப் பிடித்துக்கொள்வேன்.

அந்தக் காலைத்தான் தெரு பார்த்திருக்கிறது.

பிந்து போனதும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். 'நம் தெருவில் ஒரு கேஸ் இருப்பதால் கொசு ஒழிப்பு அவசரம்.' எழுதியவர் செயலாளர் ஹரிஹரன், நாலாவது வீடு. கீழே பதினாறு கும்பிடு.

"யானைக்கால்னு ஊரே பேசறதைத் தாங்கிண்டுடுவேள். கேன்சர்னு சொன்னாத்தான் மானம் போயிடுமா?" என்றாள் கோமதி.

சட்டையை மாட்டிக்கொண்டு ஹரிஹரன் வீட்டுக்குப் போனேன். பிரமாதமான சண்டை ஒன்று போடுவதாகத் திட்டம்.

"ஓய், தப்பா நினைக்காதேயும்" என்று அவர் முந்திக்கொண்டார். "தெருவிலே கொழந்தைகள் இருக்கு, கேட்டேளா. மந்துன்னா..."

"மந்து இல்லை, எனக்குப் புராஸ்டேட் கேன்சர். ரெண்டாந்தடவை. ரேடியேஷன் வெச்சதிலே கால் வீங்கிடுத்து."

இவ்வளவுதான். மூன்று வருடம் மறைத்தது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அனுதாபம் வரும், பச்சிலை வைத்தியர் விலாசம் வரும் என்று தயாராக இருந்தேன். மனிதர் எழுந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பீரோவுக்கு அடியிலிருந்து, கரண்ட் பில் கட்டுக்குள் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

லேப் ரிப்போர்ட். பி.எஸ்.ஏ. பதினொன்று; நாலைத் தாண்டினாலே டாக்டர்கள் கவலைப்படுகிற எண். ஐந்து மாதப் பழசு.

"டாக்டர் வரச் சொன்னார். போகலே" என்றார். "இதுக்கெல்லாம் யார்கிட்டே போய் என்னன்னு சொல்றது, ஓய்?"

போட வந்த சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. "என்கிட்டே சொல்லியாச்சே" என்றேன். "நாளைக்குக் காலமே ரெடியா இரும்."

மறுநாள் ஆட்டோவில் போனோம். வழி முழுவதும் மனிதர் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றியே பேசினார். பிறகு ஸ்கேன், பயாப்ஸி. முடிவு போன வாரம் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். ஹரிஹரன் அவரைக் கேட்ட முதல் கேள்வியே, "கால் வீங்குமா?" என்பதுதான். என்னைப் பார்த்தபடியே கேட்டார். நானும் பெருந்தன்மையாகக் காலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினேன்.

இனி அவர் மனைவி மீனாட்சியிடம் சொல்ல வேண்டும். துணைக்கு நானும் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, தண்ணீர் குடித்து, "உன்கிட்டே ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ரத்த ரிப்போர்ட்தானே?" என்றார் அந்த அம்மாள். "வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். கரண்ட் பில் இந்தாத்திலே யார் கட்டறா? நீங்களா சொல்வேள்னு காத்துண்டிருந்தேன்."

ஐந்து மாதத்துக்கு மேல். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில், அடுத்தவர் பயந்துவிடக் கூடாதே என்று தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்!