இங்கிலீஷில் இறந்த அம்மாக்கள்

திண்டிவனத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. லண்டனில் யூதர்கள் நடத்தும் ஒரு சமூக சேவை அமைப்பு, எங்கள் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவுவதற்காக எங்கள் சங்கத்தைத் தேடிப் பிடித்திருந்தது. எப்படித் தேடினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஜில்லாவில் எத்தனையோ நல்லவர்கள் இருக்க, எங்கள் செயலாளரைப் போய்க் கண்டுபிடிக்கவும் ஒரு கைராசி வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி நீட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிற நேரத்துக்குப் போய்வரட்டும் என்று அப்பா சேர்த்துவிட்ட வேலை இது. வேலையின் பெயர் களப்பணியாளர். செய்த வேலை, செயலாளருக்குப் பதிலாக இங்கிலீஷ் பேசுவது.

செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்களுக்கு ஒரு சங்கம், மரங்களுக்கு ஒரு சங்கம், ஊனமுற்றோருக்கு ஒரு சங்கம் என்று அவர் நடத்தாத சங்கம் கிடையாது. லெட்டர் பேடு மட்டும் மாறும், மேஜை, நாற்காலி, செயலாளர் எல்லாம் அதேதான். வெள்ளைக் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கூப்பியபடியே தூங்கக்கூடியவர்.

யூதர்கள் என்றால் யார் என்று கிராமங்களில் விளக்குவது என் தலையில் விழுந்தது. காணை கிராமத்தில் ஒரு பெரியம்மா என்னை விசாரித்ததை மறக்க முடியாது.

"கிறிஸ்தவங்களாம்மா?"

"இல்லீங்க."

"சாயபுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நம்மாளுங்களா?"

"அதுவும் இல்லீங்க. அவங்க வேற."

"சரி, எப்போ மாத்துவாங்க எங்கள?"

"யாரையும் மாத்த மாட்டாங்க. அவங்க அத செய்யறதே இல்ல."

பெரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா, நாங்க அவ்ளோ மட்டமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எதையாவது கொடுக்கிறவர்கள் பதிலுக்கு எதையும் கேட்காவிட்டால் ஜனங்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காதீர்கள், பிள்ளை இருக்கிற வீட்டைத் தூக்கி நிறுத்துங்கள் என்றார்கள். அம்மாவுக்கு ஒரு தையல் மெஷினோ இரண்டு ஆடோ கொடுங்கள், பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் வழி செய்யுங்கள், அனாதை இல்லம் மட்டும் கட்டாதீர்கள். நானே இதைத் தமிழில் செயலாளருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உனுக்கு இன்னாம்மா தெரியும்? வூட்டுக்குள்ள பூந்து கஞ்சி ஊத்துனா யாரு பாப்பாங்க? கட்டடம்னா கல்வெட்டு வெக்கலாம். வெள்ளக்காரங்க வாயால ஒன்னு சொல்லுவாங்க. அனாதப் புள்ளைங்கள நேர்ல பாத்தா உருகிடுவாங்க."

அனாதைகளுக்கு எங்கே போவது என்று அவர் கவலைப்படவில்லை. மேல்சித்தாமூர் கிராமத்தில் ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். திண்டிவனத்தில் ஹாஸ்டல், மூன்று வேளையும் சோறு, இங்கிலீஷ் படிப்பு என்று வீடு வீடாகச் சொன்னார். அந்த அமைப்பிலிருந்து ஒரு அம்மா லண்டனிலிருந்து நேரில் பார்க்க வருவதாக இருந்தது, அவர் வந்துவிட்டுப் போனதும் திங்கட்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அந்த ஐந்தில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதுப் பெண், மேலும் கீழும் முன்பல் இல்லாத வாய். அப்பா கரும்பு லாரி கவிழ்ந்து இறந்துபோனவர். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். ஹாஸ்டலுக்கு ஒத்துக்கொண்டீர்களா என்று கேட்டதற்கு, அவள் நகத்தில் ஒட்டியிருந்த தோலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"மனசு இல்லீங்க. ராவுல என் கைய புடிச்சிக்கினாதான் அதுக்குத் தூக்கமே வரும். ஆனா எங்கூட இருந்தா என்னைக்கும் கேப்பக் கூழுதான். அங்கனா சோறாச்சும் துன்னும்."

இந்த வீட்டுக்காகத்தான் அந்த உதவியே என்று செயலாளரிடம் போய்க் கத்தினேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

லண்டன் அம்மா மேல்சித்தாமூருக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம், நரைத்த முடி, காலில் தடியான பூட்ஸ். அவர்கள் சாப்பாட்டு விதிப்படி, கையில் சொந்தமாக ஒரு சின்னப் பாத்திரமும் தட்டும் வைத்திருந்தார். வரவேற்பு வளைவில் பெயின்டர் பெரிய சிலுவை ஒன்றை வரைந்து வைத்திருந்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்ட பிறகு, மேலே நீலப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் காயக் காயச் சிலுவை மெல்ல எட்டிப் பார்த்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார், சிரித்தார், குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

பிறகு பேச்சுகள். நடமாடும் தெய்வம் என்று ஒருவர், இந்த மண்ணின் மகள் என்று இன்னொருவர். மண்ணின் மகள் வந்து முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அம்மா அடிக்கடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என் காதில், "ராகு காலம் பாக்கறாங்களா?" என்றார்.

கடைசியாக ஐந்து பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் வழிய மேடை ஏறினார்கள். ஒவ்வொன்றாகக் கை கூப்பி, இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "மை ஃபாதர் அண்ட் மதர் ஆர் நோ மோர்." என் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை.

டியூஷன் வாத்தியாரை வைத்து, எனக்குத் தெரியாமல் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், நான் அதைச் சொல்ல மாட்டேன் என்று செயலாளருக்குத் தெரிந்திருக்கிறது. மூளை இல்லை என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பல் இல்லாத என் சின்னப் பெண் எல்லாரையும்விடக் கணீரென்று சொன்னாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் செத்துப்போன அவள் அம்மா நின்றுகொண்டு, மகள் இங்கிலீஷ் பேசிய பெருமையில் கை வலிக்கத் தட்டினாள்.

நான் எழுந்து மைக்கைப் பிடிக்கப் போனேன். அது அதற்குள் நன்றியுரைக்காரர் கைக்குப் போய்விட்டது. அந்த அம்மாவோ அவசரமாக இரண்டு மெழுகுவத்தி வேண்டும் என்றார்.

"கரண்டு போவும்னு இவங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று செயலாளர் பதறினார்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் விளக்கேற்ற வேண்டும், மறைந்த பிறகு மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை வண்டி ஏறக்கூடாது, எழுதக்கூடாது, நெருப்பைத் தொடக்கூடாது. அது அவர்கள் ஓய்வு நாள் என்று அந்த அம்மா விளக்கினார். பேச்சுகள் இழுத்ததில் நேரம் போய்விட்டது, அதனால் நாளை ராத்திரிவரை இங்கேதான் தங்குவேன் என்றார். இருட்டுவதற்குள் பாண்டிச்சேரி ஓட்டலில் கொண்டுபோய் இறக்கிவிடத் திட்டம் போட்டிருந்த செயலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தெய்வம் நடமாடாமல் உட்கார்ந்துவிட்டது.

மேடைக்கு எதிர் வீட்டு ஜைனக் குடும்பத்து அம்மாள், மல்லாட்டை மண்டிக்காரரின் மனைவி, "எங்க வூட்டுல தங்கட்டுங்க" என்றார். நானும் துணைக்குப் போனேன். உள்ளே போனதும் லண்டன் அம்மா மெழுகுவத்திகளை ஏற்றி, கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். வீட்டம்மாள் ஓடிப்போய், பூச்சி விழுந்து சாகக்கூடாதே என்று இரண்டு விளக்குச் சிம்னிகளைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்தார். நியாயம்தான் என்று லண்டன் அம்மா தலையாட்டினார். இவர்கள் வீட்டில் சூரியன் மறைந்தால் சாப்பிட மாட்டார்கள், அடுப்பும் கிடையாது. அவருக்குச் சூரியன் மறைந்த பிறகுதான் விருந்தே, ஆனால் எதையும் சுட வைக்கக்கூடாது. அவர் வாழைப்பழமும் தான் கொண்டுவந்த ரொட்டியும் சாப்பிட்டார். ஒருவர் விதியை ஒருவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு இரண்டு பேரும் பரம திருப்தியாகப் படுத்துவிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு பசியில் காய்ந்தவள் நான்.

செயலாளர் அன்று திண்டிவனம் கிளம்புவதற்கு முன்பே என்னை மட்டும் ஓரமாக அழைத்துச் சொல்லியிருந்தார். "நாளிக்கு அவங்கள வெளிய வுடாத. வெயிலுன்னு சொல்லு, நாயின்னு சொல்லு, எதுனா சொல்லு. பசங்கெல்லாம் சொந்தக்காரங்க ஊருக்குப் பூட்டாங்கன்னு நானே சொல்லிட்டேன்."

நடந்ததை அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் நம்புவாரா? நானும் செயலாளர் கையால் சம்பளம் வாங்குகிறவள்தானே. காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும்.

காலையில் அந்த அம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டார். வண்டி கூடாதே தவிர நடக்கலாமாம். வெயில் என்றேன், சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டுமே. தொப்பியை எடுத்தார். நாய் என்றேன், தனக்கு நாய் பிடிக்கும் என்றார். என் கடமை முடிந்தது. கோயில் பக்கம் போகாமல் கடைசித் தெருப் பக்கம் திரும்பினேன். கால் தானாகத் திரும்பிவிட்டது என்று பிறகு செயலாளரிடம் சொன்னேன்.

பல் இல்லாத அந்தச் சின்னவளின் வீட்டு வாசலில் அவள் அம்மா உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சின்னவள் தலைவிரி கோலமாகத் துள்ளி எழுந்து கை கூப்பினாள்.

"மை ஃபாதர் அண்ட் மதர் ஆர்..."

அங்கே நின்றுவிட்டது. கண்ணை உருட்டிப் பார்த்தாள், வரவில்லை. பின்னாலிருந்து அம்மா சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தாள்.

"நோ மோரு. சொல்லு, நோ மோரு."

லண்டன் அம்மா என்னைப் பார்த்தார். இது யார் என்று கேட்டார். அவள் அம்மா என்றேன். அவளுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

"தெரியுங்களே," என்றாள். "எங்கள கை வுட்டுடாதீங்கன்னு அர்த்தம். சாரு சொன்னாரு. தெனம் ராவுல நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

உண்மையான அர்த்தத்தை நான் சொன்னேன். வேறு வழியில் சொல்ல முடியுமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அவள் சிரிப்பு போகச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"நானே சொல்லிக் குடுத்தேனே! எம்பொண்ணு வாயால நான் செத்துட்டேன்னு, நானே சொல்லிக் குடுத்தேனே!"

"கரெக்டாத்தானேம்மா சொன்னேன்?" என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

லண்டன் அம்மா அந்த மண் தரையில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண்ணின் வயதில் தன்னை ஒரு ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது, தன் அம்மா பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினாள் என்றார். இங்கிலீஷில் தான் கற்றுக்கொண்டவற்றில் இந்த வாக்கியமும் ஒன்று, பார்க்கிறவர்களெல்லாம் கேட்டதால் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, தான் சொன்னபோது அது பொய் இல்லை என்றார். அம்மாவை வைத்துக்கொண்டு யாரும் இதைச் சொல்ல வேண்டாம் என்றார்.

தட்டுத் தடுமாறித்தான் தமிழில் சொன்னேன். சின்னவளின் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, லண்டன் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இவங்கம்மா அப்புறம் வரவே இல்லீங்களா?"

அதை மொழிபெயர்க்கும் முன்பே லண்டன் அம்மா தலையை இல்லை என்று ஆட்டினார்.

சாயங்காலம் செய்தி திண்டிவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாசடர் காரோடு செயலாளர் வந்தபோது, கார் பக்கத்தில் அம்மாக்கள் வரிசையாக, தலையில் பூவோடு நின்றார்கள். வெள்ளிக்கிழமை செத்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே ராத்திரியில் எழுப்பிவிட்டார். ஐந்தில் ஒரு பையனுக்கு உண்மையிலேயே அம்மா கிடையாது, அத்தை வீட்டில் வளர்ந்தவன். அவனுக்கும் ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார். உற்றுப் பார்த்தேன், டியூஷன் வாத்தியாரின் மனைவி.

ஹாஸ்டல் கிடையாது, திங்கட்கிழமை யாரும் எங்கும் போக வேண்டாம், இனி உதவி நேராக வீடுகளுக்குத்தான், அதை இந்தப் பெண் பார்த்துக்கொள்வாள் என்று லண்டன் அம்மா என்னைக் காட்டிச் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

"அதத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்," என்றார் செயலாளர், கையைக் கூப்பியபடி.

கார் கிளம்பும் நேரத்தில் சின்னவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். முந்தின ராத்திரி என்னைக் கூப்பிட்டு அனுப்பி, பழைய வாக்கியத்தை மாற்றிச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருந்தாள். சின்னவள் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கை கூப்ப மறந்து ஆரம்பித்தாள்.

"மை ஃபாதர் இஸ் நோ மோர். மை மதர் இஸ்..."

மறுபடியும் நின்றுவிட்டது. கண்ணை உருட்டினாள். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும், ராத்திரி முழுக்க அவளும்தான் படித்தாள். ஆனால் இந்த முறை எடுத்துக் கொடுக்க வாய் வரவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டி, அம்மாவைக் கையால் காட்டினாள்.

"தோ, இங்க நிக்குது."

அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.