எனக்குக் குத்தாத ரேஸ் கார் சீட்டு

பைக் கண்ணாடி தேடி இன்று திண்டிவனம் காயலான் கடைக்குப் போனேன். மூலையில் ஒரு ரேஸ் கார் கிடந்தது. ஒரே ஆள் உட்காரும் வண்டி. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தது.

"ஓட்டுனவரு ஒடம்ப அச்சு எடுத்து செஞ்ச சீட்டாம் அது. வேற யாரு ஒக்காந்தாலும் குத்தும்," என்றார் கடைக்கார அக்கா.

உட்கார்ந்து பார்த்தேன். குத்தவில்லை.

என் இடது தோள் கொஞ்சம் இறக்கம். அது என் டெய்லருக்கு மட்டும்தான் தெரியும். சீட்டிலும் அதே இடத்தில் இறக்கம்.

"குத்தலையே," என்றதும் அக்கா முகம் மாறிவிட்டது. "ஜல்தி எறங்குங்க சார். இத ஓட்டிக்கினு இருக்கும்போதுதான் அவரு உசுரு போச்சாம்."

விழுப்புரம் திரும்பி, தினமும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

குத்துகிறது.

யாருக்காவது நாற்காலி வேண்டுமா?